சிறு கார்களின் வமிசாவளி

சான்டா கிளாராவிலிருந்து கோடை விடுமுறையில் ஐரோப்பாவுக்குப் பிரயாணம் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள், திரும்பிய பின் நண்பர்களுக்குக் காட்டுகிற புகைப்படங்களைச் சற்றுக் கவனித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு விசேஷம் புலப்படும்: கோபுரங்களுக்கும் தேவாலயங்களுக்கும் அடுத்தபடியாக அவற்றில் இடம் பிடித்திருப்பவை சின்னஞ்சிறு கார்களே. ரோமாபுரியின் சந்து ஒன்றில் சுவரோடு ஒட்டி நிற்கும் பழைய ஃபியட் 500, பிரெஞ்சுக் கிராமச் சந்தையில் துணிக்கூரையைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்கும் சிட்ரோயன் 2சிவி, பெர்லின் வீதியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு புகை கக்கிப் போகும் டிராபன்ட், இங்கிலாந்தில் எங்கோ ஒரு மூன்று சக்கர ரிலையன்ட் ஆகிய இவையெல்லாம், லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் மூன்று வரிசை இருக்கை கொண்ட வண்டிகளுக்கு நடுவே நாள்தோறும் ஊர்ந்து பழகிய கண்களுக்கு விநோதங்களாகத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால், பார்த்து, சிரித்து, படம் பிடித்து, மறந்துவிடுகிற வழக்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, இவ்வண்டிகள் ஏன் இப்படி அமைந்தன என்று விசாரிக்கப் புகுந்தால், அந்த விசாரணை நம்மை வரிச் சட்டங்களுக்கும் போர்க்காலத் தட்டுப்பாடுகளுக்கும் கொண்டுபோய், அங்கிருந்து எண்ணூருக்கும் பெருங்களத்தூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வழிகாட்டுகிறது. சான்டா கிளாராவின் எல் கமீனோ ரியல் சாலைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

ஐரோப்பியச் சிறு காரின் உருவத்தில், வரைபடம் தீட்டியவருடைய கைக்குச் சமமாக வரி அதிகாரியின் கையும் இருந்திருக்கிறது. சில வண்டிகளில் அதிகாரியின் கையே மேலோங்கியது. இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டு பிறக்கும் வரையில் கார்மீதான வரி குதிரைசக்திக் கணக்கில் விதிக்கப்பட்டது. அந்தக் குதிரைசக்தியை எஞ்சினின் மெய்யான பலத்தை அளந்து பெறவில்லை. சிலிண்டரின் விட்டம், சிலிண்டர்களின் எண்ணிக்கை என்ற இரண்டை மட்டும் ஒரு சூத்திரத்தில் இட்டுக் கணக்கிட்டனர். பிஸ்டன் மேலும் கீழும் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. ஆகவே வரியைக் குறைத்துக்கொள்ள விரும்பிய ஆஸ்டின், மோரிஸ் முதலான ஸ்தாபனத்தார், சிலிண்டரின் விட்டத்தை ஒடுக்கி, பிஸ்டனின் ஓட்டத்தை நீட்டி, வேகமாகச் சுழலாமல் நிதானமாக இழுக்கும் எஞ்சின்களை வார்த்தனர். சட்டம் போன பிறகும் அந்த வார்ப்பு சீக்கிரத்தில் போகவில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பயன்படும். பிரான்சிலும் இதே போன்ற கணக்குத்தான். 2சிவி என்பது அவ்வண்டி அடங்கிய வரி வகுப்பைக் குறிப்பதேயன்றி வேறல்ல.

தோற்றுப்போன ஜெர்மனியின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. அங்கே 250 கன சென்டிமீட்டர் வரையில் உள்ள வண்டியை, கார் ஓட்டும் உரிமம் இல்லாமல் அதற்குக் கீழ்ப்பட்ட வகுப்பு உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று விதி இருந்தது. இத்தாலியிலுள்ள இசோ நிறுவனம் 1953-இல் இசெட்டா என்றொரு வண்டியை வெளியிட்டிருந்தது. முட்டை வடிவம், அதன் முகப்பு முழுவதுமே கதவு, கதவைத் திறந்தால் ஸ்டியரிங்கும் அதோடு விலகி வழிவிடும். அதன் உரிமையை வாங்கிய பி.எம்.டபிள்யூ, 1955-இல் தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினை அதில் பொருத்தி விற்கத் தொடங்கி, ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விற்றுத் தீர்த்தது. அந்நிறுவனத்தை அக்காலத்தில் தாங்கிப் பிடித்த தூண்களில் இந்த முட்டையும் ஒன்று. விமானம் கட்டக் கூடாதென்று தடைப்பட்டிருந்த மெஸ்ஸர்ஷ்மிட், ஓட்டுபவர் முன்னும் உடன் வருபவர் பின்னுமாக அமரும் மூன்று சக்கர வண்டியைச் செய்து, அதன்மேல் போர் விமானி தலைக்குமேல் இழுத்து மூடிக்கொள்வது போன்ற கண்ணாடிக் கூண்டைக் கவிழ்த்தது. கிழக்கு ஜெர்மனியில் உருக்குத் தகட்டுக்குப் பஞ்சம் ஏற்பட்டபோது, பருத்திக் கழிவையும் ஃபீனால் பிசினையும் சேர்த்து அழுத்திய தகடுகளால் டிராபன்டின் மேலுடலைச் செய்தார்கள். 1957 முதல் 1991 வரை ஏறத்தாழ 30 லட்சம் வண்டிகள் அவ்வாறு வெளிவந்தன. 1956-ஆம் வருஷத்துச் சூயஸ் நெருக்கடியில் இங்கிலாந்தில் பெட்ரோல் பங்கீடு வந்ததன் விளைவே, அலெக் இஸ்ஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, பத்தே அடி நீளத்தில் நால்வருக்கு இடம் செய்து, 1959-இல் வெளிவரச் செய்த மினி. ரோமாபுரியில் தமிழன் கண்டு முறுவலிக்கும் மூன்று சக்கர ஆபே வண்டியும், 1948-இல் இதே வறுமையில் பிறந்ததே. அதைச் செய்த பியாஜியோவின் உரிமம் பெற்று பஜாஜ் செய்த ஆட்டோ ரிக்ஷா அதன் நேரடிச் சந்ததி.

இவை இன்று வீதியில் காணக்கிடைப்பதும் சட்டத்தின் தயவே. முப்பது வயது நிரம்பிப் பழைமை கெடாமல் பராமரிக்கப்படும் வண்டிக்கு ஜெர்மனி 1997 முதல் தனி எண்பலகை தந்து வரிச் சலுகையும் தருகிறது; லண்டனில் நாற்பது வயதைக் கடந்த வண்டிகளுக்குப் புகைக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. புகை கூடாதென்று விரட்டும் நகரமே, மிகப் பழைய புகைக்கு மட்டும் வாசலைத் திறந்து வைக்கிறது!

இவ்விதமான விசித்திரங்கள் வெள்ளைக்காரர்களுக்கே உரியவை என்று எண்ணிவிடலாகாது. இந்திய அரசாங்கம் 2006-இல், நீளம் நான்கு மீட்டருக்கு மேற்படாமலும் பெட்ரோல் எஞ்சின் 1200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாமலும் உள்ள கார்களுக்குக் கலால் தீர்வையைக் குறைத்தது. அதன் பயனாக, பின்பெட்டியின் வாலை வெட்டி நான்கு மீட்டருக்குள் மடக்கிய ஒருவகை செடான்கள் இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலை நகரிலும் உற்பத்தியாகின. உலகத்தில் வேறெங்கும் காண்பது அரிதான உருவம் அது. மிலான் நகரத்துக் கார்ப் பித்தர் ஒருவர் சென்னைக்கு வந்தால், அண்ணா சாலையில் நின்று அவற்றைத்தான் படம் பிடிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அமெரிக்காவுக்கு வருவோம். சான்டா கிளாரா பள்ளத்தாக்கில், கணிப்பொறிச் சில்லுகளுக்கு முன்னே பிளம், ஏப்ரிகாட் தோட்டங்கள் இருந்தன என்பதைப் பலரும் அறிவர்; இடையில் கார்த் தொழிலும் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நம்மவர்கள் பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகும் மில்பிடாஸ் கிரேட் மால், 1955 முதல் 1983 வரை ஃபோர்டு கம்பெனியின் தொழிற்சாலையாக இருந்த கட்டடம். மஸ்டாங்கும் பின்டோவும் அங்கே பிறந்தன. ஃப்ரீமான்டில் இன்று டெஸ்லா இயங்கும் இடத்தில், 1984 முதல் 2010 வரை ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாகச் சிறு கார்களைச் செய்தன. ஆயினும் ஐரோப்பாவின் மிகச் சிறிய கார்கள் இங்கே வேரூன்றவில்லை. 1968 முதல் அமலுக்கு வந்த மத்திய அரசின் பாதுகாப்பு, புகை விதிகளுக்கு ஈடுகொடுக்க இயலாமல் மினி 1967-உடன் விடைபெற்றது. அதற்குப் பிறகு, அமெரிக்க விதிப்படி செய்யப்படாத வண்டியைக் கொண்டுவர விரும்புகிறவர், அதற்கு 25 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. கலிபோர்னியா தன் பங்குக்கு இன்னொரு கோட்டைக் கிழித்திருக்கிறது: 1975-ஆம் வருஷம்வரை செய்யப்பட்ட பெட்ரோல் கார்களுக்கு இங்கே புகைச் சோதனை கிடையாது, 1976 முதல் உண்டு. அதோடு, பனிக்காகச் சாலையில் உப்புத் தூவும் வழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லாததால், இரும்பு எளிதில் துருப்பிடிப்பதில்லை. இந்த இரண்டு காரணங்களும் சேர்ந்து, மிச்சிகனில் மண்ணோடு மண்ணாகிவிட்ட வண்டிகளைச் சான்டா கிளாராவில் உயிரோடு வைத்திருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒன்றைத்தான் எல் கமீனோ ரியல் சாலையில், இந்திய மளிகைக் கடைகள் வரிசையாக உள்ள பகுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காண நேர்ந்தது. 1955-ஆம் வருஷத்து நாஷ் மெட்ரோபாலிடன். மேலே வெள்ளை, கீழே பவளச் சிவப்பு. முன்சக்கரங்கள் பாதி தெரியாதபடி மேலுடல் இறங்கி மூடியிருந்தது. ஸ்டெப்னி சக்கரம் பின்புறத்தில் உறை போட்டு வெளியே மாட்டப்பட்டிருந்தது. பின்பெட்டிக்கு வெளியிலிருந்து திறக்கும் மூடியே இல்லை, சாமான் வைக்க வேண்டுமானால் பின்சாய்வை மடக்கி உள்ளேயிருந்துதான் தள்ள வேண்டும். இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 85 அங்குலம்; அது அக்காலத்து ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைவிடவும் குறைவு. சொந்தக்காரர், எழுபதைக் கடந்த அமெரிக்கர், கேட்டவர்களுக்கெல்லாம் பானெட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கையில் கறிவேப்பிலையும் கத்தரிக்காயும் அடங்கிய பையோடு வந்த, யாழ்ப்பாணத்திலிருந்து பல வருஷங்களுக்கு முன் இங்கே குடியேறிய பெரியவர் ஒருவர், உள்ளே குனிந்து பார்த்ததும், பையைக் கீழே வைத்துவிட்டார்.

"உது எங்கட ஏ போட்டியின்ர எஞ்சினெல்லே, தம்பி!"

ஆஸ்டின் ஏ40 காரைத்தான் அவர் ஏ போட்டி என்றார்; அவர் சொன்னது சரி. குளிர்பதனப் பெட்டியின் பெயராக நம் வீடுகளில் அறிமுகமான கெல்வினேட்டரும் நாஷும் இணைந்த கம்பெனி, அமெரிக்கப் பெண்கள் கடைகண்ணிக்குப் போய்வர ஒரு சிறு கார் வேண்டுமென்று திட்டமிட்டு, அதை அமெரிக்காவில் செய்தால் கட்டுபடியாகாது என்று கண்டு, 1952-இல் இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. மேலுடலைப் பர்மிங்காமிலுள்ள ஃபிஷர் அண்ட் லட்லோ செய்தது. லாங்பிரிட்ஜ் ஆலையில் ஆஸ்டின் தன் ஏ40 எஞ்சினைப் பொருத்திக் கப்பலேற்றியது. 1961 வரை ஏறத்தாழ 95,000 மெட்ரோபாலிடன்கள் இவ்வாறு உருவாயின. அந்த 1200 கன சென்டிமீட்டர் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 65.5 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டமோ 89 மில்லிமீட்டர். பழைய குதிரைசக்தி வரியின் கைரேகை அது. 1956-இல் மெட்ரோபாலிடனுக்கு 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் வந்தபோது, விட்டத்தை 73 மில்லிமீட்டராக அகலப்படுத்தினார்களே ஒழிய, அந்த 89 மில்லிமீட்டர் அப்படியே நின்றது. இதே 1489 எஞ்சினைத்தான் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் அம்பாசடரில் வைத்து, தொண்ணூறுகள் வரையிலும் ஓட்டியது. மந்திரிகளையும் கலெக்டர்களையும் சுமந்த வாகனத்துக்கும், அமெரிக்க இல்லத்தரசிக்கென்று செய்த இந்தப் பவளச் சிவப்புப் பெட்டிக்கும், இருதயம் ஒரே வமிசத்தது. எண்ணூருக்கும் இதில் தொடர்பு உண்டு: இன்று கனரக வண்டிகளுக்குப் பேர்போன அசோக் லேலண்ட், 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றியதே இந்த ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்பதற்காக. லேலண்டோடு ஏற்பட்ட உறவு பின்னால் வந்து, 1955-இல் பெயரையும் மாற்றி, ஆஸ்டின் காரை மறக்கச் செய்துவிட்டது.

ஆனால் அந்த எஞ்சினின் மெய்யான சோதனைக்களம் சென்னையும் அன்று, கலிபோர்னியாவும் அன்று, யாழ்ப்பாணம். இலங்கையில் ஐம்பதுகளில் இறக்குமதியான ஆஸ்டின்களும் மோரிஸ் மைனர்களும், எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மாற்று இல்லாமல் பிழைத்துக் கிடந்தன. அவற்றின் எண்பலகையே ஒரு சரித்திரச் சாட்சியம்: ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் பொறிக்க வேண்டுமென்று அரசாங்கம் 1957-இல் விதித்ததும், அதை எதிர்த்துத் தமிழர் பகுதிகளில் கிளர்ச்சி எழுந்ததும், 1958-ஆம் வருஷத்துக் கலவரத்தின் பீடிகையாக அமைந்தன. பிறகு 1990-இல் போர் மறுபடியும் மூண்டபோது, குடாநாட்டுக்குப் பெட்ரோல், பேட்டரி முதலான பண்டங்கள் போகாதபடி பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்ட அந்த நாட்களில், ஆஸ்டினும் மோரிஸும் மண்ணெண்ணெயில் ஓடின.

பெரியவர் அந்த முறையை விவரித்தபோது, அமெரிக்கரும் பானெட்டைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பெயர்த்துச் சொன்னேன். "சின்னப் போத்தலிலை பெற்றோல் வைச்சிருப்பம். கார்புரேற்றருக்கை கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணவேணும். எஞ்சின் நல்லாச் சூடேறினாப் பிறகுதான் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்கிறது. நிப்பாட்டினா, திரும்பவும் பெற்றோல் வேணும். அதாலை ஆசுப்பத்திரி வாசலிலை நிண்டாலும் எஞ்சினை நிப்பாட்டமாட்டம்."

இதன் உள்விவரம் தெளிவானது. மண்ணெண்ணெய் பெட்ரோலைப்போல் குளிரில் ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த எஞ்சின் அதை எரிக்காது. சூடேறிய பின் எரிக்கும். எனினும் அமுக்கம் அதிகமான எஞ்சினில், காலத்துக்கு முந்தித் தானே பற்றிக்கொண்டு, பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் ஒலியெழுப்பி, சீக்கிரத்தில் அதை உடைத்தும் விடும். ஆஸ்டின் ஏ40-இன் அமுக்க விகிதமோ ஏழுக்கு ஒன்றைச் சற்றே தாண்டியது. நிதானமாகச் சுழலும் நீண்ட ஓட்டமும் இந்தக் குறைந்த அமுக்கமும் சேர்ந்ததால், மண்ணெண்ணெயை அந்த எஞ்சின் முணுமுணுத்துக்கொண்டாவது ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் வந்த ஜப்பானியக் கார்களின் நுட்பமான எஞ்சின்களுக்கு அந்தச் சகிப்புத்தன்மை குறைவு. எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் வழியே வழிந்து, அடியிலுள்ள எஞ்சின் ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஆயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் பேரிங் தேய்ந்துபோகும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். அதைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுவது நித்திய கர்மம். புதிய உதிரிப் பாகத்துக்கு வழி இல்லாத ஊரில் இந்தக் காரியங்களையெல்லாம் செய்து, கிழ வண்டிகளைக் கொண்டே நோயாளிகளையும் மணமக்களையும் ஏற்றியிறக்கியவர்கள் அங்குள்ள மெக்கானிக்குகளும் கடைசல் பட்டறைக்காரர்களும்.

இது யாழ்ப்பாணத்தார் பழைய நூலைப் பார்த்துக் கற்றுக்கொண்டதன்று. ஆனால் பழைய நூலில் இருந்ததுதான். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி, கவென்ட்ரியில், ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்துவந்தது. உழவனுக்கு வரிச்சுமை இல்லாத மலிவான எண்ணெய் வேண்டுமென்று, மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடும் ஒருவகையையும் 1949 முதல் வெளியிட்டது. அதிலும் இதே விதிதான்: பெட்ரோலில் கிளப்பு, சூடேறியதும் குழாயைத் திருப்பு. கவென்ட்ரிப் பொறியாளர்கள் தொழிற்சாலையில் வகுத்ததை, நல்லூரிலும் கொக்குவிலிலும் உள்ளவர்கள் முற்றுகையில் தாமே மீண்டும் கண்டுபிடித்தார்கள். கியூபா தேசத்து அமெரிக்கக் கார்களைப் பற்றி உலகமெல்லாம் புத்தகங்கள் வெளிவந்துள்ளன; அவற்றோடு ஒப்புநோக்கினால் யாழ்ப்பாணத்துக் கார்களைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பம். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மோரிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், ஒரு காரைத் தூக்கி எறியாமல் ஆயுள் முழுவதும் வைத்து ஓட்டுவதே சிக்கனம் என்ற கொள்கையை 1982-இல் நூலாக எழுதி, தொண்ணூறுகளில் அவ்வண்டிகளுக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கும் முயற்சியிலும் இறங்கினார். குரு யார், சிஷ்யர் யார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

மெட்ரோபாலிடனின் மேலுடலைச் செய்த ஃபிஷர் அண்ட் லட்லோவைச் சற்று முன் குறிப்பிட்டேன். அந்தக் கம்பெனியை 1953-இல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்த பி.எம்.சி. விலைக்கு வாங்கியது. அதுவரை அதனிடம் மேலுடல் வாங்கிக்கொண்டிருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனி, தன் அடுத்த சிறு காருக்கு ஒரே வார்ப்பாக உடல் செய்து தர ஆளில்லாமல் தவித்தது. வேறு வழியின்றி, பழங்கால முறைப்படி தனிச் சட்டகத்தை அமைத்து, சிறு சிறு பகுதிகளாகச் செய்த உடலை அதன்மேல் போல்ட்டுப் போட்டு முடுக்கும்படி திட்டமிட்டனர். டூரின் நகரத்து ஜொவானி மிகெலோட்டி அதற்கு அழகான உருவம் தந்தார். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு இவ்விதம் ஒரு வியாபாரப் போட்டியின் பிள்ளை. துண்டு துண்டாக இருந்ததனாலேயே அதைப் பெட்டிகளில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிப் பூட்டுவது சுலபமாயிற்று; அந்தச் சௌகரியத்தின் பலன், சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆலைக்குக் கிடைத்தது.

1948-இல் தொடங்கிய அந்த ஸ்தாபனம், வான்கார்டு, எய்ட், டென், பென்னன்ட் என்று வரிசையாகச் செய்து, 1961-இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வெளியிட்டது. அறுபதுகளில் சென்னையில் வளர்ந்தவர்களுக்கு அந்த வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கத்தின் பானெட்டும் மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து முழுவதுமாக முன்னோக்கிக் கவிழும். மெக்கானிக் முன்டயரின் மேலே உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். மயிலாப்பூர் மாடவீதிகளைப் போன்ற குறுகலான இடத்திலும் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். இங்கிலாந்தில் எஞ்சினைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். இங்கோ கடைசிவரை 948 கன சென்டிமீட்டர்தான். எனினும் இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை இங்கே செய்தார்கள் என்பதையும், 1972-இல் முகத்தைத் திருத்தி கேஸல் என்று பெயரிட்டபோது, நம் பட்டறைகளுக்குத் தொல்லை கொடுத்த தனித்தனிப் பின்னச்சுகளை நீக்கிச் சாதாரண அச்சைப் பொருத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றை வெறும் நகல் என்று தள்ளுவது நியாயம் ஆகாது. சென்னைப் பொறியாளர்களின் சொந்தத் தீர்மானங்கள் அந்த வண்டியில் உண்டு. 1977-இல் கேஸல் நின்றது. 1985-இல், ரோவர் உடலுக்குள் வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து, ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டிராக்டருக்கு உறவான எஞ்சினைச் சொகுசுக் காரில் வைத்தால் வாங்குவோர் எத்தனை நாள் பொறுப்பர்? 1988-இல் உற்பத்தி முடிந்தது. அதற்கு முன்பே, 1983 டிசம்பரில், மாருதி 800 வந்துவிட்டது. ஜப்பானில் கேய் என்னும் குறுங்கார்களுக்கு நீள அகலங்களை வரையறுத்த சட்டத்திலிருந்து பிறந்த அளவு அதற்கு. சென்னையின் சிறு காரை வீழ்த்தியதும் வேறொரு தேசத்தின் சட்டப் புத்தகத்திலிருந்து வந்த சிறு காரே.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1952-இல் இரண்டு பேர் அமரும் மலிவான கார் ஒன்றைச் செய்தார் என்றும், அரசாங்கம் உரிமம் தராமையால் அது நின்றுபோயிற்று என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இத்தாலியில் இசெட்டா தோன்றிய காலம் அதற்கு அடுத்த ஆண்டு. ஐரோப்பாவில் சட்டம் கதவைத் திறந்தது, இங்கே அடைத்தது என்பதற்கு மேல் இதில் நான் சொல்வதற்கொன்றும் இல்லை. அவர் பெயரால் அவினாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜீடீ கார் அருங்காட்சியகம், தமிழ்நாட்டுக்கு வரும் எவரும் தவறவிடக் கூடாத இடம்.

ஆனால் ஒரு அருங்காட்சியகம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட இயலாது. இந்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 50 வயதைக் கடந்த, மூல அமைப்பு மாறாத வண்டி 'விண்டேஜ்' என்று பதிவு பெறலாம்; அதற்கு 20,000 ரூபாய் கட்டணம். அவ்வாறு பதிவான வண்டியை நித்தியப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாகாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுதுபார்க்கவும் எண்ணெய் போடவும் மட்டுமே வெளியே எடுக்கலாம். ஜெர்மனி முப்பது என்கிறது, லண்டன் நாற்பது என்கிறது, நாம் ஐம்பது என்கிறோம். இந்த இருபது வருஷ வித்தியாசத்துக்குள் எத்தனை வண்டிகள் இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். என் அபிப்பிராயத்தில் இந்த வரம்பு முப்பதாகக் குறைய வேண்டும். பதிவான வண்டி மாதத்தில் சில நாளாவது தெருவில் ஓடவும் அனுமதி வேண்டும். ஓடாத எஞ்சினைப் பழுதுபார்க்கத் தெரிந்த கை எந்த ஊரிலும் நெடுநாள் நிலைக்காது.

கேஸல் வரிசையின் கடைசி வண்டிகள் 2027-இல் ஐம்பதை எட்டுகின்றன. அவற்றைப் பூட்டியவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். சான்டா கிளாராவிலும் சன்னிவேலிலும் வாழும் தமிழர்களில், எண்ணூர் ஆலையிலோ பெருங்களத்தூர் ஆலையிலோ வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும், யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டியவர்களின் பிள்ளைகளும் நிச்சயமாக இருப்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அப்பாவின் சம்பளச் சீட்டு, பயிற்சிக் குறிப்பேடு, பழைய பதிவுப் புத்தகம், ஆலை வாசலில் எடுத்த புகைப்படம் என்று எது அகப்பட்டாலும் அதைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உயிரோடு இருந்தால், எந்தப் பிரிவில் எந்தப் பாகத்தை எப்படிப் பூட்டினார் என்பதைக் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். மூலத்தைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றதோர் இடத்தில் சேர்ப்பிக்க வழி தேடுங்கள்.